தெற்கத்தி இனிப்பு ஊர்கள்: எந்த ஊருக்கு எந்த நேரத்தில் போக வேண்டும்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பங்குனிக் கடைசியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ மதுரையிலிருந்து புறப்பட்டு, திருவில்லிபுத்தூர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, உடன்குடி, தூத்துக்குடி ஆகிய ஊர்களை இரண்டு நாளில் சுற்றி வரலாம் என்று நானும் என் தாயாரும் எண்ணியிருக்கிறோம். கோயில்கள் இந்த முறை இரண்டாம் பட்சம்தான். பால்கோவா, கடலை மிட்டாய், அல்வா, மக்ரூன், கருப்பட்டி ஆகியவை உருவாகும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும், செய்பவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும், அங்கேயே வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

இவை எல்லாம் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலேயே கிடைக்கின்றனவே, இதற்காக எதற்கு அலைச்சல் என்று வீட்டில் கேட்கிறார்கள். கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் சென்ற மாதம் ஒரு பேருந்து நிலையக் கடையில் நான் வாங்கிய பால்கோவாப் பெட்டியில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்திலும், தயாரித்த இடம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவிலும் அச்சிடப்பட்டிருந்தன. அந்த இடம் திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில்கூட இல்லை. உள்ளே இருந்தது வாயில் மாவாக ஒட்டியது. இந்தப் பயணத்துக்கான எண்ணம் அன்றுதான் உறுதிப்பட்டது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான்: எந்த ஊரில் எந்த நேரத்தில் வேலை நடக்கும், அன்னியர் வந்து பார்ப்பதை அனுமதிப்பார்களா, எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது. தாயார் முட்டை சேர்ந்த எதையும் சாப்பிடமாட்டார் என்பதையும் கவனத்தில் கொண்டு சொல்ல வேண்டுகிறேன்.

---

ரதவீதி

திருவில்லிபுத்தூருக்குக் காலையில் வாருங்கள். இங்கே பால் வரும் நேரம்தான் கடிகாரம். காலைக் கறவை வந்து சேர்ந்ததும் அடுப்பு ஏறும். மாலைக் கறவை வந்ததும் மறுபடி ஏறும். நடுப்பகலில் வருபவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பால்கோவாதான் தெரியும், அது ஆன கதை தெரியாது.

பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் இல்லை. பத்து லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது பொதுவான கணக்கு. கடைக்குக் கடை கொஞ்சம் கூடும், குறையும். வாய் அகன்ற சட்டியில் பாலை ஊற்றி, நீளக் கைப்பிடி வைத்த துடுப்பால் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். புளிய விறகு நின்று நிதானமாக எரிவதால் பழைய கடைகள் அதை விடாமல் வைத்திருக்கின்றன. கேஸ் அடுப்புக்கும் நீராவிக் கலனுக்கும் மாறியவர்களும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்து நிமிடத்தை. அதுவரை பால் கொதிக்கும் சத்தமாக இருந்தது, சட்டியின் ஓரத்தில் துடுப்பு உரசும் சத்தமாக மாறும். கிண்டுபவர் ஓரத்தில் படிந்த ஏட்டைச் சுரண்டி நடுவில் சேர்த்துக்கொண்டே வருவார். அந்த ஏடுதான் பால்கோவாவில் நாக்குக்குத் தட்டுப்படும் திரிதிரியான பகுதி. முழுக்க மழமழவென்று பசை போல இருந்தால், ஏட்டைச் சேர்க்கப் பொறுமை இல்லாதவர் செய்தது என்றோ, வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்றோ வைத்துக்கொள்ளலாம்.

2019-இல் திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் வாங்கிய பெட்டியைப் போன்றவற்றைத் தடுக்கத்தான் அது வாங்கப்பட்டது. பெயரைக் காப்பாற்றச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் நின்று சோதிக்க ஆள் யார்? வாங்குபவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தால்தான் குறியீட்டுக்குப் பலன்.

ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தனியார் கடைகளும் உள்ளன, பால் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையும் உண்டு. எந்தக் கடை என்று நான் பெயர் சொல்லமாட்டேன். உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள், எரியும் கடையில் கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் மறுக்கமாட்டார்கள். சூடு தணியாததை நூறு கிராம் வாங்கி மந்தார இலையிலோ தாளிலோ வைத்து அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். கொண்டுபோவதற்குக் குறைவாக வாங்குங்கள். வெயில் காலத்தில் இரண்டு, மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டிய பண்டம் இது.

---

கரிசல்மண்

திருவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி வழியாகச் சாத்தூருக்கு வந்துவிடுங்கள், மதுரை நோக்கித் திரும்ப வேண்டாம். சாத்தூர் என்றால் காராச்சேவு என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்தக் கடைகளிலேயே கருப்பட்டி மிட்டாயும் சீனி மிட்டாயும் உண்டு. பச்சரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவை எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, வெந்ததும் பாகில் அமுக்கி எடுப்பது. கருப்பட்டிப் பாகில் விழுந்தால் கருப்பட்டி மிட்டாய், சீனிப் பாகில் விழுந்தால் சீனி மிட்டாய். ஜிலேபி என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொள்வார்கள், நியாயமான கோபம்தான். ஜிலேபிக்கு மைதா, இது அரிசிப் பண்டம், கடித்தால் மேலே நொறுங்கி உள்ளிருந்து பாகு வழியும். போட்டு எடுத்த சில மணி நேரம்தான் அதன் ஆயுள் என்று நான் சொல்வேன். மறுநாள் கெட்டுப்போகாது, ஆனால் அந்த நொறுங்கல் போய்விடும். சீர்ப் பலகாரமாக ஓலைப்பெட்டியில் வைத்து அனுப்பிய பண்டம் இது. இன்று பெரிய நகரத்து இனிப்புக் கடைகள் பலவற்றில் இதற்கு இடமில்லை. ஆகவே இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இனி கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்கு இங்கே 1940-களில் பொன்னம்பல நாடார் அடித்தளம் போட்டார் என்பார்கள். அதற்கு முன்பு கருப்பட்டியில் கிண்டிய கடலை, வெல்லத்துக்கு மாறியது அவர் காலத்தில்தான். 2020-இல் புவிசார் குறியீடு வந்தது. சுற்று வட்டாரக் கரிசலில் விளைந்த நிலக்கடலை, தேனி, சேலம் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றையும் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்த்தே சொல்வார்கள்.

பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் ஏதாவது ஒரு கம்பெனியில் அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கடலையை வறுத்துத் தோலைப் புடைத்து, இரண்டாக உடைத்து, மூக்கையும் நீக்கி வைத்திருப்பார்கள். அந்த மூக்கு கசக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி அடுப்பில் ஏற்றியபின் பாகுக்காரர் யாரிடமும் பேசமாட்டார். நீங்களும் அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார், விரலால் திரட்டுவார், பல்லால் கடிப்பார். பல்லில் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. படீரென்று உடைந்தால் இறக்க வேண்டிய நொடி அதுதான். கொஞ்சம் தாமதித்தாலும் வெல்லம் கருகிக் கசப்பு ஏறும். இறக்கியதும் கடலையைக் கொட்டிக் கிளறி, மேசையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தி இழுத்து வில்லை போட்டாக வேண்டும்; ஆறிவிட்டால் கத்தி இறங்காது, பாளம் தாறுமாறாக உடையும். இத்தனையும் நடப்பது சில நிமிடங்களில். மேலே பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தேங்காய்ப் பூ தூவுவது எங்கள் ஊர் அடையாளம்.

சுற்றிக் கட்டும் வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அண்மைக் காலமாகக் காணொளி எடுக்கிறேன் என்று வருபவர்களால் சில கம்பெனிகள் கதவையே சாத்திவிட்டன.

---

அடையாறு

இழையை முழுவதும் படித்தேன். மதிப்புக்குரிய கருத்துகள்தான், இருந்தாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கோவில்பட்டியிலிருந்து கூரியரில் வரவழைத்த கடலை மிட்டாயையும், அங்கே போய் வாங்கி வந்ததையும் ஒன்றாக வைத்துச் சாப்பிட்டால் யாராலும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீரால்தான் ருசி என்பதை நாம் பக்தியோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடலை மிட்டாயில் பாகு இறுகும்போது தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் ஆவியாகிவிடுகிறது. போன தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீராக இருந்தால் என்ன? பயணம் போவது மகிழ்ச்சியான காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ருசிக்காகப் போகிறோம் என்று சொல்வதற்கு வேறு காரணம் வேண்டும்.

---

நெல்லைச்சீமை

அடையாறு அவர்களே, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எங்கள் ஊர்க்காரர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, தண்ணீரைப் பற்றி நான் உங்கள் பக்கம் பாதி வருகிறேன்.

திருநெல்வேலி அல்வாவையே எடுத்துக்கொள்வோம். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலைத் தெளியவிட்டு மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிடுகிறார்கள். அடியில் தங்கிய கெட்டிப் பாலைத்தான் சர்க்கரைப் பாகோடு சேர்த்துக் கிண்டுகிறார்கள். அல்வாவின் நிறமும் தனியே சேர்த்த சாயம் அல்ல. சர்க்கரையில் ஒரு பங்கைச் சிவக்கக் காய்ச்சிச் சேர்ப்பதால் வருவது. அதன்பின் நெய்யை ஒரேயடியாக ஊற்றாமல் சிறுகச் சிறுக ஊற்றுவார்கள். முதலில் மாவு நெய்யைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் குடிப்பதை நிறுத்தி, உள்ளே போன நெய்யை வெளியே கக்கத் தொடங்கும். அப்போதுதான் இறக்குவார்கள். ஊறவைக்கும் நீருக்கும் அரைக்கும் நீருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அதற்காக, தாமிரபரணித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோனால் எந்த ஊரிலும் இந்த அல்வா வந்துவிடும் என்பதை ஏற்கமாட்டேன்.

என் கணிப்பில் காரணம் வேறு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பத்தார் தொடங்கியது. மாலையில்தான் திறப்பார்கள், அன்று கிண்டியது தீர்ந்ததும் அடைப்பார்கள். வரிசையில் நின்று கை நீட்டினால் இலைத் துண்டிலோ தாளிலோ வைத்துத் தருவது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அன்றன்று செய்து அன்றன்றே தீர்ப்பது என்ற ஒழுங்கு இருக்கிறதே, அதைத்தான் கூரியர் நிறுவனத்தால் அனுப்பி வைக்க முடியாது. வெதுவெதுப்பான அல்வாவில் நெய் இளகி இருக்கும், நாக்கில் வைத்ததும் தொண்டைக்குள் போய்விடும். அதே அல்வா இரண்டு நாள் கழித்துச் சென்னையில் திறக்கும்போது நெய் உறைந்து, மேலே வெண்மை படர்ந்து, மெல்ல வேண்டிய பண்டமாக ஆகியிருக்கும். கெட்டுப்போகவில்லை, கலப்படமும் இல்லை. ஆனாலும் அது வேறு பண்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் ஐம்பது பேர் ஒரே பண்டத்தைச் செய்தால், பக்கத்துக் கடைக்காரன் எப்படிச் செய்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வாங்குபவருக்கும் தெரிந்திருக்கும். தரம் ஒருநாள் இறங்கினால் மறுநாள் காலைத் தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். அந்தக் கண்காணிப்பு இல்லாத ஊரில் அதே ஆளே அதே சட்டியில் கிண்டினாலும் நாளடைவில் கை தளர்ந்துவிடும். வெளியூரில் கிளை திறந்த சில கடைகளின் அல்வா ஏன் முதல் ஆண்டில் ஒரு மாதிரியும் மூன்றாம் ஆண்டில் வேறு மாதிரியும் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

வைகைக்கரை அவர்களுக்கு: மாலை நாலரை மணிக்கெல்லாம் டவுனுக்குள் வந்துவிடுங்கள். இருட்டுக்கடையில் வரிசை நீண்டிருந்து, தாயாரால் நிற்க முடியாது என்றால் மனம் தளர வேண்டாம். டவுனிலும் ஜங்ஷனிலும் நல்ல அல்வா போடும் கடைகள் நிறைய உள்ளன. அல்வாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியிலேயே ஒரு வாரத்துக்கு மேல் நன்றாக இருக்கும். சாப்பிடுவதற்கு முன் கிண்ணத்தோடு வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் நெய் இளகிக்கொடுக்கும்.

---

அடையாறு

நன்றி. அன்றன்றே தீர்ப்பது என்ற காரணத்தை ஏற்கிறேன். அது தண்ணீரைவிட நம்பக்கூடியது. கடலை மிட்டாய் விஷயத்தில் மட்டும் என் கருத்தில் மாற்றமில்லை, ஏனென்றால் அது தாங்குவதற்காகவே செய்யப்படும் பண்டம்.

---

கரிசல்மண்

தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஈரம் படாதவரை. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரை நகரத்தில் பொட்டலத்தைப் பிரித்து மூடாமல் வைத்துப் பாருங்கள், மறுநாளே ஒட்டத் தொடங்கிவிடும். பல்லில் ஒட்டாமல் உடைய வேண்டும் என்பதற்காகப் பாகுக்காரர் பட்ட பாடு அத்தனையும் வீணாகிவிடும். எங்கள் ஊர்க் காற்று வறண்டது. கரிசல் பூமி மழைக்கு ஏங்கும் பூமி. கடலை மிட்டாய்க்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் காரணம் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

---

தராசுமுள்

ஒரு சிறு குறிப்பு. பொட்டலம் கட்டாமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிவரை உண்ணலாம் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. தட்டுக்கு முன்னால் சிறிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. பால்கோவாவுக்கும் மற்றப் பால் இனிப்புகளுக்கும் இது மிகவும் முக்கியம், சித்திரை வெயிலில் பயணம் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

---

துறைமுகத்தெரு

தூத்துக்குடியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மக்ரூன் அலைச்சலைத் தாங்காது. காருக்குள் இரண்டு நாள் உருண்டால் பெட்டியில் தூள்தான் மிஞ்சும்.

முதலில் தாயாருக்கான எச்சரிக்கை: மக்ரூனின் அடிப்படையே முட்டையின் வெள்ளைக் கரு. முந்திரி, சர்க்கரை, வெள்ளைக் கரு ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. முட்டை இல்லாமல் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் அது முந்திரி பிஸ்கட்டாக இருக்குமே தவிர மக்ரூனாக இருக்காது. ஆகவே தாயாருக்காக எங்கள் ஊரில் வேறு ஏதாவது பார்ப்போம். பேக்கரிகளில் முட்டை சேராத பிஸ்கட் வகைகள் இருக்கின்றன, கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு வாங்குங்கள்.

இந்தக் கடற்கரைக்குப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். மக்ரூனை அவர்கள் வருகையோடு சேர்த்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். ஐரோப்பாவில் அதைப் பாதாமில் செய்வார்கள், இங்கே முந்திரியில் செய்கிறோம். அந்த முந்திரி மரமே பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததுதான். பல தலைமுறைகளாக எங்கள் பேக்கரிக்காரர்களின் கையில் இருந்து, தனக்கென ஒரு கூம்பு வடிவத்தையும் பெற்று, இன்று இது முழுக்க முழுக்கத் தூத்துக்குடிப் பண்டம்.

வெள்ளைக் கருவில் ஒரு துளி மஞ்சள் கரு கலந்தாலும் நுரை எழும்பாது. அதனால் முட்டை உடைப்பவரின் கை சுத்தம்தான் முதல் தகுதி. முன்பு கையாலேயே அடித்தார்கள். இப்போது எந்திரம் அடிக்கிறது. நுரை கெட்டியாகி நின்றதும் பொடித்த முந்திரியைத் தூவி, நுரை அமுங்காமல் கையால் கலக்குவார்கள். பிறகு தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதற்குள் கலவையை நிரப்பித் தட்டில் பிழிவார்கள். பிழிந்து மேலே இழுக்கும்போது மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுகிறார்கள், அதில்தான் அந்தக் கூர்முனை வருகிறது. தட்டு முழுவதும் ஒரே அளவில் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்தால் எந்திரத்தில் போட்டது என்றே நினைப்பீர்கள். அடுப்பின் சூடு மிதமாக இருக்க வேண்டும், நேரம் நிறைய எடுக்க வேண்டும். இது வேகும் பண்டமல்ல, காயும் பண்டம். சூடு ஏறினால் நிறம் மாறிவிடும். நல்ல மக்ரூன் தந்த நிறத்தில் இருக்கும். வாயில் வைத்ததும் மேல்பகுதி கரைந்து, நடுவில் முந்திரி மட்டும் கொஞ்சம் இழுபடும்.

வாங்கும்போது காற்றுப் புகாத டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். கடற்காற்றில் பத்து நிமிடம் திறந்து வைத்தால் போதும், மொறுமொறுப்பு போய்விடும். சென்னைக்குத் திரும்புகிறவர்கள் இரவு முத்துநகர் விரைவு வண்டி புறப்படுவதற்கு முன் வாங்கிக்கொண்டு போவது எங்கள் ஊரில் எப்போதும் காணும் காட்சி. அவர்கள் டப்பாவை மேல் படுக்கையில் தலைமாட்டில் வைப்பார்கள், காலடியில் ஒருபோதும் வைக்கமாட்டார்கள்.

---

பனங்காடு

நீங்கள் பங்குனி, சித்திரை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. உடன்குடிக்கு வருவதற்கு அதுதான் காலம். மற்ற ஊர்களுக்கு நேரம் பார்த்தால் போதும், எங்கள் ஊருக்கு மாதம் பார்த்து வர வேண்டும். ஐப்பசியில் வந்தால் கடையில் கருப்பட்டி இருக்கும், காட்டில் பதநீர் இருக்காது.

பனையேறும் அண்ணாச்சிமார் விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுவார்கள். பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி விறகடுப்பில் காய்ச்சும் பொறுப்பைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் ஏற்பார்கள். காய்ந்த ஓலையும் மட்டையும்தான் எரிபொருள். மணிக்கணக்கில் நின்று, புகையில் கண் எரிய, பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டு, நூல் பதம் தாண்டிக் கூழாக வரும்வரை காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறியபின் தட்டினால் அரைக்கோளமாக விழும். சுக்கும் ஏலமும் சேர்த்துச் சிறு சிறு வில்லையாக ஊற்றுவது சில்லுக்கருப்பட்டி. தாயார் முட்டை சாப்பிடமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள், அவருக்கு இதை வாங்கிக் கொடுங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் பனை ஓலையை மடித்துப் பட்டையாகப் பிடித்து, அதில் பதநீர் ஊற்றித் தருவார்கள். நுங்கையும் உடைத்துப் போட்டால் தனி ருசி.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. அப்படியிருந்தும் கருப்பட்டி என்ற பெயரில் விற்பதில் சீனி கலந்தது நிறைய இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்துப் பயனில்லை. பனையேற ஆள் குறைந்துவிட்டது, பதநீர் குறைந்துவிட்டது, கேட்பவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த இடைவெளியைச் சீனி நிரப்புகிறது. உடைத்துப் பார்த்தால் அசல் கருப்பட்டியின் உட்புறம் மங்கலான பழுப்பாக இருக்கும், சீனி கலந்தது பளபளவென்று படிகம் மின்னும். அசல் கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். அதனால்தான் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். எந்தப் பருவத்திலும் கல்லாகவே இருக்கும் கருப்பட்டி மீது எனக்குச் சந்தேகம்தான். விலையும் ஓர் அடையாளம். சீனியை ஒட்டிய விலைக்கு யாராவது கருப்பட்டி கொடுத்தால், அவர் பனையேறியின் கூலியை எங்கிருந்து கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வரும் வழியில் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் இருக்கிறது. அங்கே மஸ்கோத் அல்வா. மைதா மாவைப் பிசைந்து கரைத்துப் பால் எடுத்து, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுவார்கள், நெய்யே சேர்க்கமாட்டார்கள். தேங்காய்ப் பாலிலிருந்து பிரிந்து வரும் எண்ணெயிலேயே வெந்து, கண்ணாடி போல உள்ளே ஒளி ஊடுருவும் துண்டாக வரும். இலங்கையில் மஸ்கட் என்று விற்கும் இனிப்பு இதற்கு உடன்பிறப்பு. இலங்கையோடு கொண்டுவிற்ற காலத்தில் வந்த கைப்பக்குவம் என்று முதலூர்க்காரர்கள் சொல்வார்கள். முந்தின மாலை நெய் ஒழுகும் அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் இதைச் சாப்பிடும்போதுதான் இரண்டின் குணமும் தெளிவாகத் தெரியும். தேங்காய்ப் பாலில் செய்தும் இது பல நாள் தாங்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும்.

---

தராசுமுள்

பனங்காடு அவர்கள் எழுதியதோடு ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த இழையை நீரிழிவு உள்ளவர்களும் படிப்பார்கள். கருப்பட்டியில் இரும்பு முதலிய தாது உப்புகள் சீனியைவிடக் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். கருப்பட்டி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சில கடைகளில் எழுதி வைத்திருப்பதை நம்பி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. உங்கள் சொற்படி பயணத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை இருட்டோடு புறப்பட்டுக் காலைக் கறவை நேரத்துக்குத் திருவில்லிபுத்தூர். பத்து மணிக்கு மேல் சாத்தூரில் கருப்பட்டி மிட்டாய். மதிய உணவுக்குப் பின் கோவில்பட்டி. மாலை நாலரைக்குத் திருநெல்வேலி டவுன், இரவு அங்கேயே தங்கல். ஞாயிறு காலை முதலில் முதலூர், பிறகு உடன்குடி, திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி. தாயார் மக்ரூன் சாப்பிடமாட்டார் என்றாலும் அந்தத் தாள் கூம்பில் பிழிவதைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் ஏதாவது இடைஞ்சல் இருக்குமா? உடன்குடியில் வாங்கும் கருப்பட்டியை அல்வாவோடு ஒரே பையில் வைக்கலாமா?

---

நெல்லைச்சீமை

கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு நான்கு வழிச் சாலையில் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் டவுனுக்குள் சனிக்கிழமை மாலை நெரிசல் இருக்கும். வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டுத் தாயாரை ஆட்டோவில் அழைத்துவருவது நல்லது.

---

துறைமுகத்தெரு

மக்ரூன் பிழிவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு மாலையை நம்ப வேண்டாம். பேக்கரிக்கு முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, வேலை நடக்கும் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால் ஞாயிறு இரவு எங்கள் ஊரில் தங்கித் திங்கள் காலையில் பாருங்கள்.

---

பனங்காடு

வரிசையை மாற்றுங்கள். முதலூர் கிறிஸ்தவ ஊர். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும், அடுப்பில் வேலை நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து அதிகாலையில் கிளம்பி நேராக உடன்குடிக்கு வந்து பதநீரைக் குடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் முதலூருக்குத் திரும்புங்கள்; பெரிய தூரமில்லை. உடன்குடியிலும் ஞாயிறு என்றால் காய்ச்சுபவர்கள் சிலர் ஓய்ந்திருப்பார்கள். ஆனால் பாளை ஞாயிறு பார்த்துச் சுரக்காது, சீவாமல் விட்டால் அது கெட்டுவிடும். ஆகவே ஏறுகிறவர்கள் இருப்பார்கள்.

கருப்பட்டியை அல்வாவோடு வைக்காதீர்கள், நெய் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். கடையில் பனை ஓலைக் கொட்டானில் கட்டித் தரச் சொல்லி, அதைத் துணிப்பையில் தனியாக வையுங்கள். வண்டியின் பின்பெட்டியில் வெயில் ஏறும், இருக்கைக்குக் கீழே வைப்பது மேல். வீட்டுக்குப் போனதும் மண் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த பதநீர்க் காலம்வரை வரும்.